கந்தன் பேரில் ஒரு கட்டில்

மே மாதக் கடைசியில் கச்சால் தீவில் மழை இறங்கிவிட்டால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகும். அந்த நாட்களில் மேஸ்திரி சொக்கலிங்கம் எங்களைக் களைவெட்ட அனுப்புவார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்போம். முதுகில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்கும். பேசினால் வாய்க்குள் தண்ணீர் போகும் என்று சொல்லிவிட்டு எல்லோரையும்விட அதிகமாகப் பேசுவாள் செல்லம்.

அப்படி ஒரு காலையில்தான் போலீஸ் வயர்லெஸ் ஆள் ஜெகநாதன் கறுப்பு மழைக்கோட்டோடு மேட்டில் ஏறி வந்தார். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவார்.

"நாகரத்தினம் அக்கா கோன் ஹே? ஒரு தார் வந்திருக்கு."

தார் என்றால் தந்தி. நாகரத்தினம் நிமிர்ந்தாள். கையிலிருந்த களைக்கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். அவளுடைய புருஷன் கண்ணையா அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால் சிலோனுக்குப் போயிருந்தான்.

நாங்கள் எல்லோருமே சிலோன் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். நீங்கள் இந்தியாக்காரர்கள் என்று சொல்லி அங்கே கப்பலேற்றினார்கள். இங்கே அரசாங்கம் புதிதாகப் போட்ட ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் குடும்பங்களை நடுவில் கிழித்திருந்தது. நாகரத்தினத்தின் மூத்த மகள் அலமு அந்த நாட்டுக் குடியுரிமைக்காரனைக் கட்டியிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணையாவின் தம்பி கந்தனும் அந்த நாட்டுக் குடியுரிமைக்கே மனுப்போட்டுவிட்டு, அலமு இருந்த பழைய தோட்டத்திலேயே கிடந்தான். அலமுவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கண்ணையா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பேரனைப் பார்க்கக் கப்பல், ரயில், மறுபடி கப்பல் என்று போயிருந்தான்.

ஜெகநாதன் கோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து, மழை படாமல் குனிந்து, தமிழாக்கிச் சொன்னார்.

"கண்ணையா ஆஸ்பத்திரியில். வயிற்றில் ஆபரேஷன். உடனே பணம் அனுப்பவும். கந்தன். இவ்வளவுதான் அக்கா."

"பணம் என்னாத்துக்கு?" என்று கேட்டது செல்லம்தான். "ஆஸ்பத்திரிக்குக் காசா? காய்ச்சல்காரன்கிட்டப் போய் எவனாச்சும் காசு கேப்பானா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் காசு கொடுத்ததில்லை. சிலோனில் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் பேர் இருந்தால் தோட்டத்து டாக்டர் ஐயா ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார், தோட்டத்து லாரியே ஏற்றிப் போகும், தோட்டமே பார்த்துக்கொள்ளும். இங்கே டிஸ்பென்சரியில் மருந்து சும்மா. முடியாவிட்டால் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் சும்மாவே அனுப்புவார்கள்.

"அங்கே அவர் வெளிநாட்டு ஆள் அக்கா," என்றார் ஜெகநாதன். "பாஸ்போர்ட்ல இந்தியான்னு இருக்கில்ல? சிலோன் இப்ப உங்களுக்கு ஃபாரின்."

"ஃபாரினா?" நாகரத்தினம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அவுக பொறந்ததே அந்தத் தோட்டத்து லயத்துலதான். எங்க மாமியாரு மாசமா இருந்துக்கிட்டுக் கொழுந்து பறிச்ச மலை அது."

"மாலும் அக்கா, தெரியும். நான் என்ன செய்ய."

வயிற்றுவலி கண்ணையாவுக்குப் புதிதில்லை. இடுப்பு மடிப்பில் சோடா உப்பு டப்பா வைத்திருப்பான். வலித்தால் உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பான். புறப்பட்ட அன்று கடற்கரையில் அவள் எடுத்துக் கொடுத்த கடைசிச் சாமான் அந்த டப்பாதான்.

அன்று மத்தியானமே எங்கள் குடியிருப்பான லைன் முழுக்கப் பணம் திரண்டுவிட்டது. அலமாரியில் வைத்திருந்தவர்கள் அலமாரியிலிருந்தும், அரிசிப் பானையில் வைத்திருந்தவர்கள் பானையிலிருந்தும் கொண்டுவந்தார்கள். நாகரத்தினம் காதில் கிடந்ததைக் கழற்றி, அது போதாதென்று சின்ன மகள் சரசுவின் கால் கொலுசையும் வைத்து ஒரு துணியில் முடிந்தாள். ஆனால் முடிச்சை வாங்க ஆளில்லை. தபாலில் மணியார்டர் அந்த நாட்டுக்குப் போகாது என்றார்கள். பேங்கில் கட்டலாம், பேங்க் போர்ட் பிளேரில் இருக்கிறது, அங்கே கட்டினாலும் பம்பாயிலிருந்து உத்தரவு வர வேண்டும், வர மாதக்கணக்காகும் என்றார்கள்.

தோட்டத்துக்குப் புது ஆபீசர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முன்பு இருந்த மலையாளத்துக்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அறிந்தவர். இவர் வடக்கே இருந்து வந்தவர், கெட்டவர் இல்லை, ஆனால் எங்களைப் பேர்ப்பட்டியலாகத்தான் தெரியும். கண்ணையாவுக்கு லீவு நீட்டிக் கேட்டு நாகரத்தினமும் செல்லமும் அவர் வாசலில் போய் நின்றார்கள். சொக்கலிங்கம் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"பேரு என்னான்னு கேக்குறாரு."

நாகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டாள். "அலமு அப்பா," என்றாள்.

"பேரும்மா, பேரு."

"கண்ணையா சார்," என்று செல்லம் முந்திக்கொண்டாள். "இவ சொல்ல மாட்டா. கல்யாணம் ஆன நாள்லேருந்து புருஷன் பேரை நாக்குல வச்சதில்ல. இங்கன எறங்கின அன்னைக்கு ரேஷன் அட்டைக்குக் கேட்டப்ப, கிருஷ்ணன் படத்தைக் காட்டினவ இவ."

ஆபீசர் சிரித்தார். அப்புறம் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "சுட்டி கதம் ஹோ கயா," என்றார்.

"லீவு முடிஞ்சிருச்சாம்," என்றார் சொக்கலிங்கம். "மழைக்காலம் முடியுற வரைக்கும் பாப்பாராம். அதுக்குள்ள ஆள் வந்து நிக்கலைன்னா பேரை அடிச்சிருவாராம். பேரு போச்சுன்னா வீடும் போயிரும் தங்கச்சி. கீழே ஷெட்டுல புதுக் குடும்பங்க காத்துக் கெடக்கு."

"அவருக்குச் சொல்லுங்கண்ணே. ஆளு ஆஸ்பத்திரியில கெடக்குன்னு."

"சொன்னேன். அதனாலதான் மழைக்காலம் வரைக்கும்."

அதற்குப் பிறகு கடல் முரண்டுபிடித்தது. வர வேண்டிய கப்பல் ஈஸ்ட் பே துறைக்கு வெளியே புகையைக் காட்டிவிட்டு, படகு இறக்க முடியாமல் அப்படியே திரும்பிப் போனது. அரிசி குறைந்தது. நாங்கள் நிக்கோபாரிகளிடம் தேங்காய் வாங்கி, கோதுமை மாவில் திருகிப் போட்டு ரொட்டி தட்டினோம். நாகரத்தினமும் தட்டினாள். சரசுவுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். தன் ரொட்டியை பாலில்லாத தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துவிட்டு, அது கரைந்து கூழான பிறகும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பணமுடிச்சு சுவரில் ஆணியில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு வெளியே அவனைக் கிடத்தியிருப்பார்களோ, உள்ளே விட்டிருப்பார்களோ, அதுதான் அவளுடைய கேள்வி. கேட்கவும் ஆளில்லை.

அடுத்த கப்பலில் உதயசூரியன் வந்து இறங்கினான். அவனும் எங்கள் லைன்தான், நோயாளித் தகப்பனைப் பார்க்கச் சிலோன் போயிருந்தவன். அலையில் நனைந்த வேட்டியோடு கரையேறியதும், பெட்டியைக்கூட வாங்க விடாமல் நாகரத்தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? அவுகளப் பாத்தியா?"

"பாத்தேன் அக்கா, பாத்தேன். இருக்காரு. கட்டில்ல மெத்தையில இருக்காரு. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடு, சொல்லுறேன்."

அவன் சொன்னதைக் கேட்க லைன் முழுக்க நாகரத்தினம் வாசலில் கூடிவிட்டது. உதயசூரியன் கதை சொல்லுவதில் மன்னன். ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான்.

"திரும்பி வாறதுக்கு ஏறின ரயில்லேயே ரத்தமா வாந்தி. கந்தண்ணன் வந்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. பேர் எழுதுற ஐயா பாஸ்போர்ட்டைப் பொரட்டிப் பாத்துட்டு, 'நீ இந்தியாக்காரன், முன்பணம் கட்டு, அப்புறந்தான் கத்தி'ன்னுட்டாரு. வெராந்தாவுல போட்டு வச்சிருந்தாங்க. அப்பத்தான் உங்களுக்குத் தந்தி குடுத்தது. பணம் வாற மாதிரி இல்ல. இவரு கண்ணு சொருகிப் போச்சு. கந்தண்ணன் என்னா செஞ்சாரு தெரியுமா?"

"சொல்லித் தொலை," என்றாள் செல்லம்.

"தோட்டத்து டாக்டர் ஐயாகிட்ட நேராப் போயி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ விழுந்து உருண்டாரு. 'ஐயோ சாகுறேன் சாமி'ன்னு. அவரும் பயந்து துண்டு எழுதிக் குடுத்துட்டாரு. இன்னாரு, தோட்டத் தொழிலாளி கந்தன், ஆபரேஷனுக்கு அனுப்புறோம்னு. துண்டை வாங்கிட்டு வந்து அண்ணனைத் தூக்கி வேற ஆஸ்பத்திரியில போட்டாச்சு. பேரு கந்தன். காசு ஒரு சதம் கெடையாது. ஆபரேஷன் முடிஞ்சுது. தலைமாட்டு அட்டையில கந்தன்னு எழுதித் தொங்குது. நர்ஸம்மா 'கந்தன், கந்தன்'னு கூப்பிடுது, நம்ம ஆளு முழிக்கிறாரு!"

எல்லோரும் சிரித்தோம். அது எங்களுக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவேயில்லை. தோட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் தம்பி காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அவன் பேருக்குக் குரல் கொடுத்து வேலைக்குப் போவான். கணக்கப்பிள்ளைக்குத் தலை சரியாக இருந்தால் போதும். கண்ணையாவும் கந்தனும் சின்ன வயதிலிருந்து ஒருவன் பேருக்கு ஒருவன் "இருக்கேன்" என்று கத்தியவர்கள்தான். ஜாடையும் ஒன்றுதான்.

"அப்ப கந்தன்?" என்று கேட்டாள் நாகரத்தினம். "கொழுந்தன் ஆஸ்பத்திரியில இருக்கறதா இருந்தா, தோட்டத்துல எப்புடி நடமாடுது?"

"நடமாடுறதா? அலமு வீட்டு அட்டல்ல, பரண்ல ஏறி ஒளிஞ்சிக்கிட்டிருக்காரு! தகரத்துக்குக் கீழ. வெயில்ல வெந்து போறாரு. பகல்ல ஒண்ணுக்குக்கூட எறங்க முடியாது. கணக்கப்பிள்ளை பாத்தாருன்னா ஆஸ்பத்திரிக் கந்தன் யாருன்னு வந்துரும்ல. நான் போனப்ப மேலேயிருந்து குசுகுசுன்னு, 'தம்பி, அண்ணன் எப்ப எந்திரிப்பான்னு கேட்டுட்டு வாடா, எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு'ங்குறாரு!"

நாகரத்தினம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்று அவளே மாவு பிசைந்து எங்கள் எல்லோருக்கும் ரொட்டி தட்டினாள், சிவக்கச் சிவக்கத் தேங்காய்ச் சம்பல் அரைத்தாள். ஆணியில் தொங்கிய முடிச்சை அவிழ்த்து அவரவர் காசை அவரவரிடம் கொடுத்தாள். சரசுவின் காலில் கொலுசு மறுபடி ஏறியது.

உதயசூரியன் போகும்போது மட்டும் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான். "புண்ணு இன்னும் ஆறலைக்கா. சீழ் வைக்குதாம். ஆனா நல்லாத்தான் பேசுனாரு."

ஆடி மாதத்தில் காற்று இன்னும் உக்கிரமாக அடித்தது. இரண்டாம் தந்தியைக் கொண்டுவந்தபோது ஜெகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஏறினார். அதைப் பார்த்ததுமே செல்லம் நாகரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கந்தன் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்தது. அலமு." படித்துவிட்டு, "உங்களுக்கு யாரு அக்கா, கந்தன்?" என்று கேட்டார்.

செல்லம் சொன்னாள்: "கொழுந்தன். புருஷனோட தம்பி."

"த்சொ," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் மேட்டில் இறங்கி மறைந்தார். அப்புறம்தான் நாகரத்தினம் கேட்டாள், யாரையும் பார்க்காமல்: "எந்தக் கந்தன்?"

அட்டலில் ஒளிந்திருந்த கந்தனா, கட்டிலில் கந்தன் என்ற பேரில் படுத்திருந்தவனா?

"கொழுந்தனாத்தான் இருக்கும்," என்றாள் செல்லம். "தகரத்துக்குக் கீழ கெடந்து வெக்கையில..."

"கொழுந்தன் கல்லு மாதிரி ஆளு."

"கல்லுக்குந்தான் சாவு வருது. அலமு அப்பனா இருந்தா, அப்பா செத்துட்டாருன்னு எழுத மாட்டாளா பெத்த மக?"

"எப்புடி எழுதுவா? கந்தனுக்கு அவ மகளா? தோட்டத்துத் தபால் மேடையில கணக்கப்பிள்ளை மகன் உக்காந்திருக்கான். அவன் கண்ணுல படாம ஒரு எழுத்துப் போகுமா?"

"அப்ப சித்தப்பான்னாச்சும் எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கலாம்," என்றாள் நாகரத்தினம். "ஏன் எழுதல?"



துக்கத்துக்கு வந்த பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொழுந்தன் சாவென்றால் தலைமுழுகிவிட்டு நாலு சொட்டுக் கண்ணீர் விட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம். புருஷன் சாவென்றால் அது வேறு. அவள் தலையில் தண்ணீர் ஊற்றுவதா, நெற்றியைத் துடைப்பதா, கழுத்தில் கை வைப்பதா? அன்னம்மாள் என்ற மூத்தவள் ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். நாகரத்தினம் அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"வேணாம். அவுக உசுரோட இருக்கறப்ப யாராச்சும் அழுதுட்டா?"

எந்தக் கந்தன் என்று தந்தியில் கேட்கவும் முடியாது. கேள்வி போகிற வழியெல்லாம் போலீசும் தபால்காரர்களும். இரண்டு கந்தன் ஏது என்று ஒருவன் யோசித்தால் போதும். கந்தன் உயிரோடிருந்தால் ஜெயில், அலமுவுக்கும் ஜெயில், ஆஸ்பத்திரியும் முழுக் கணக்கையும் கேட்கும்.

அவள் நெற்றிப் பொட்டோடு, சாப்பிடாமல், தலைமுழுகாமல், அழாமல் இருந்தாள். வேலைக்கு வந்தாள். களைவெட்டும்போது கத்தி தடுமாறிக் கட்டைவிரல் நறுக்கி ரத்தம் மழையில் கரைந்து ஓடியதை மேஸ்திரிதான் பார்த்துச் சொன்னார். ஒருநாள் களைவரிசையின் நடுவில் நின்று, "செல்லம், எங்கூட வயர்லெஸ் ஆபீசுக்கு வாடி," என்றாள்.

"என்னான்னு கேப்ப?"

"அவுக எப்ப வாறாகன்னு கேப்பேன். பொண்டாட்டி கேக்கலாம்ல? அதுல என்னா குத்தம்?"

செல்லம் அவளையே பார்த்தாள். "அடி, இது புத்தி!" என்றாள்.

ஜெகநாதன் பென்சிலை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க," என்றார். நாகரத்தினம் செல்லத்தை இடித்தாள். செல்லம் சொன்னாள்: "கண்ணையா எப்போ திரும்பி வாறாரு? அவ்வளவுதான். கீழ நாகரத்தினம்னு போடுங்க."

பதில் வரும்வரை மழை ஓயவேயில்லை. சிரட்டைகளில் பாலுக்குப் பதில் தண்ணீரும் கொசுப்புழுவும் நிறைந்தன. இந்த முறை ஜெகநாதன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, மிட்டாய் எடுங்க! கண்ணையா புறப்பட்டுவிட்டார். கப்பலில் வருகிறார். அலமு."

நாகரத்தினம் களைச்சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் சேற்றைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டாள். செல்லம் அவள் தலையில் குட்டினாள். "சொன்னேன்ல? கொழுந்தன்தான். பாவம் அந்த மனுசன். பொண்டாட்டியும் செத்து, பிள்ளையும் இல்லாம, அண்ணனுக்காக அட்டல்ல கெடந்து செத்திருக்கான்."

"அதுக்கு அழணும் செல்லம்," என்றாள் நாகரத்தினம். "ஆனா இப்ப வேணாம். கூடப்பிறந்தவரு வரட்டும். அண்ணன் இல்லாம தம்பிக்கு எப்புடிக் காரியம் செய்யுறது?"

அதன்பிறகு அவள் சாப்பிட்டாள். பால்வெட்டுக் கத்தியை எடுத்து, துரு போகத் தீட்டி, எண்ணெய் தடவி வைத்தாள். கண்ணையாவின் மரவரிசைக்குப் போய்ச் சிரட்டைகளையெல்லாம் கவிழ்த்துத் துடைத்தாள். சரசுவிடம், அப்பாவுக்கு ஆபரேஷன் வயிறு, மேலே விழுந்து கட்டிப்பிடிக்கக் கூடாது என்று தினமும் சொன்னாள். கீழே ஷெட்டிலிருந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி அவள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துப்போனதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கப்பல் வந்த அன்று மழை விட்டு வெயில் அடித்தது. கப்பல் தூரத்திலேயே நின்றது. நிக்கோபாரிகளின் ஹோடிகள் என்ற தோணிகள் போய் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி அலை பார்த்துக் கரைக்கு விட்டன. ரேஷன் மூட்டைக்காக ஆபீசரும் வந்து தாழைமர நிழலில் நின்றிருந்தார். வெளியாட்கள் யாரும் பாஸ் இல்லாமல் தீவில் இறங்கக்கூடாது. அதைப் பார்க்க ஜெகநாதன் மேசை போட்டிருந்தார்.

மூன்றாவது ஹோடியில் நீலக்கோடு போட்ட சட்டை தெரிந்தது. கண்ணையா புறப்பட்டபோது நாகரத்தினம் துவைத்து மடித்துக் கொடுத்த சட்டை. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அந்தச் சட்டை குனிந்து தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அலைக்கு முதுகு கொடுத்து இறங்கியது. கழுத்துக்குக் கீழே அவள் சிவப்பு நூலால் தைத்த பொத்தான் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த முகம் கந்தனுடையது.

"சித்..." என்று சரசு கத்தியதும் செல்லம் அவள் வாயை உள்ளங்கையால் அடைத்து இடுப்போடு இழுத்துக்கொண்டாள்.

கந்தன் நாகரத்தினத்தைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே மேசைக்கு முன்னால் போய் நின்று, கண்ணையாவின் பாஸ்போர்ட்டை நீட்டினான். கரையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்த்தோம். உதயசூரியன் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டான். மேஸ்திரி சொக்கலிங்கம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

ஜெகநாதன் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். கண்ணையா அவர் வயர்லெஸ் ஆபீஸ் திண்டில் உட்கார்ந்து எத்தனையோ சாயந்திரம் ரேடியோப் பாட்டுக் கேட்டவன்.

"யஹீ ஹே கண்ணையா?" என்று ஆபீசர் பட்டியலோடு கிட்டே வந்தார். "சுக்ரியா பகவான். ஆ கயா." வந்து சேர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

ஜெகநாதன் தண்ணீரில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இங்க வாங்க. சாப் கேக்குறாரு. இது யாரு?"

அவள் வந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இல்லை என்றால் அங்கேயே விலங்கு. அவன் ஜெயிலுக்கு, அலமு கோர்ட்டுக்கு, அவளும் சரசுவும் ஷெட்டுக்கு. அதற்கும் மேலே, இல்லை என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே அவள் புருஷன் செத்தவன் ஆகிவிடுவான்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

"பேர்?" என்றார் ஆபீசர்.

செல்லம் வாயெடுத்தாள். ஜெகநாதன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குரல் மெதுவாக இருந்தது. "அவங்க வாயால சொல்லட்டும். நீங்க சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா நான் எழுதுறேன்."

அவள் அந்தச் சிவப்பு நூல் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கண்ணையா."

ஜெகநாதன் எழுதினார்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கந்தன் அவள் காலடியில் விழுந்தான்.

"மதினி, என்னைக் கொன்னுபோடுங்க."

"எந்திரி," என்றாள். "எப்புடிப் போச்சு?"

"புண்ணு அழுகி உள்ள எறங்கிருச்சு. கடைசியில நெனவு இல்ல. அலமுவை மட்டும் உள்ள விட்டாங்க. செத்தது கந்தன்னு எழுதிட்டாங்க. இல்ல, இது எங்கப்பன் கண்ணையான்னு சொன்னா, அம்புட்டுக் காசையும் கட்டிட்டுப் பொணத்தை எடுன்னுருவாங்க மதினி. எங்ககிட்ட என்னா இருக்கு? தோட்டத்துல பொணப்பெட்டிக்குப் பலகை குடுத்தாங்க. லயத்துச் சனம் பூராம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. நான் அட்டல்ல படுத்துக்கிட்டுத் தகரச் சந்து வழியாப் பாத்தேன். எம் பேரைச் சொல்லி அழுதுக்கிட்டு எங்கண்ணனைத் தூக்கிட்டுப் போறாங்க. ஒரு பிடி மண்ணு போட முடியல எனக்கு."

அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எனக்கு அங்க என்னா இருக்கு? செத்தவனுக்கு வேலை குடுப்பானா, அரிசி குடுப்பானா? மனுவும் செத்துப்போச்சு. உங்க தந்தி வந்துச்சு, கண்ணையா எப்போ வாறாருன்னு. அலமுதான் அழுதுக்கிட்டே சொன்னா, 'சித்தப்பா, அம்மாவுக்கு அங்க வீடு போயிரும், நீங்க போங்க'ன்னு. உங்ககிட்டச் சொல்லாம ஏமாத்திட்டோம். எப்புடிச் சொல்லுறது? எந்தத் தந்தியில சொல்லுறது?"

அவன் பெட்டியைத் திறந்தான். மேலேயே சோடா உப்பு டப்பா இருந்தது. அவள் அதை எடுத்துக் குலுக்கினாள். பாதி இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அப்புறம் அடுப்பில் வைத்திருந்த சோற்றை இறக்கி, தட்டு வைத்து, அவனுக்குப் போட்டாள். அவன் பிசைந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"உனக்கு ரப்பர் வெட்டத் தெரியாதே," என்றாள் திடீரென்று.

"தெரியாது மதினி."

"உதயசூரியன் காட்டிக் குடுப்பான். ராப்படுக்கையும் அவன் வீட்டுலதான். வெளியில வச்சு மதினின்னு கூப்பிடாத."

அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தோம். செல்லம் அவளைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள். நெற்றியில் கை போனது, பாதியில் நின்றது. நாளைக் காலையில் அந்தப் பொட்டும் தாலியும் அப்படியே வேலைக்களத்துக்கு வர வேண்டும்.

"அழுடி," என்றாள் செல்லம். "எல்லாத்தையும் அடக்கி வச்சு நெஞ்சு வெடிச்சுப் போயிரும். கொழுந்தன் பேரைச் சொல்லி அழு. அதை யாரு தடுப்பா?"

அன்னம்மாள் முதலில் எடுத்துக் கொடுத்தாள். நாகரத்தினம் பின்னாலேயே எடுத்தாள். "கந்தா... எங் கந்தா... மெத்தையில போட்டு வச்சாங்கன்னு சொன்னாகளே... எங் கந்தா..." நாங்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டோம். கந்தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். தன் பேர் உள்ளே அழப்படுவதைக் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தான். மறுபடி தூறல் போட்டது.

ரேஷன் மூட்டைகளோடு ஆபீசர் அந்த வழியாகத் திரும்பிப் போனார். அழுகையைக் கேட்டு நின்றார். கூட வந்த சொக்கலிங்கத்திடம் விசாரித்தார்.

"இவரோட தம்பி சார்," என்றார் சொக்கலிங்கம், படியில் இருந்தவனைக் காட்டி. "சிலோன்ல செத்துட்டான். கந்தன்னு பேரு."

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். படியேறி வந்து, கந்தனின் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர், மனதார வைத்தார்.

"கண்ணையா," என்றார், தைரியம் சொல்லும் குரலில், உரக்க. "ஹிம்மத் ரக்கோ, கண்ணையா."

உள்ளே நாகரத்தினத்தின் அழுகை பட்டென்று நின்றது. அவள் தலை வாசல் பக்கம் திரும்பியது. அவரே வந்துவிட்டாரோ என்று முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வாசலில் நீலக்கோடு போட்ட சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது.

செல்லம் அவள் தலையைத் தன் மடியோடு அழுத்திக்கொண்டாள். அவள் மறுபடி கந்தனைச் சொல்லி அழத் தொடங்கினாள்.